டேப் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன?

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காக எதையாவது கேட்டுக் கல்லூரி அலுவலகத்துக்கு நான் போகும்போதெல்லாம், யாராவது ஒருவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிச் சாய்ந்துகொண்டு, "டேப்தான் கொடுத்தாயிற்றே சார், இன்னும் என்ன?" என்று கேட்கிறார். டேப் என்றால் டேப்லெட், கையில் பிடித்துக்கொள்ளும் தொடுதிரைக் கணினி. கேட்பவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். சான்றிதழில் கையெழுத்து வாங்க வரும் அந்தப் பிள்ளைகளுக்காக மாடியிலிருந்து தாமே இறங்கி வருபவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்கள் போடும் கணக்கு எளிமையானது. பார்வையற்ற பிள்ளைக்கு வாசித்துக் காட்ட ஆள் இல்லை, கருவி வாசித்துவிடும். காது கேளாத பிள்ளைக்குப் பாடம் எட்டவில்லை, கருவி எழுத்தாக்கிக் காட்டிவிடும். கொடுத்தாயிற்று, கடன் தீர்ந்தது. இந்தக் கணக்கில் எங்கோ ஒரு பிசகு இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. எங்கே என்று சொல்லத்தான் வெகுநாள் பிடித்தது.

ராமநாதபுரத்துக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டிய ஒரு கலைக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். ஏர்வாடி, வாலிநோக்கம், பெரியபட்டினம், மண்டபம் என்று கரையோரத்து ஊர்களிலிருந்து பிள்ளைகள் பேருந்து ஏறி வருகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்த பிறகு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை அவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றாகிவிட்டது. சட்டம் பட்டியலிடும் குறைபாட்டு வகைகளும் 21 ஆகிவிட்டன. ஆகவே வாசல்வரை வந்து சேர்வது முன்பைவிடச் சுலபம். வாசலைத் தாண்டிய பிறகு மூன்றாண்டுகளை எப்படிக் கடப்பது என்பதில்தான் சிக்கல். எங்கள் பகுதியிலிருந்து வெளிநாடு சென்று தொழில் செய்யும் ஒருவர் தம் செலவில் சில டேப்புகளை வாங்கி அனுப்பியபோது, அவற்றைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பும், பிறகு அவற்றோடு சேர்ந்து வந்த தலைவலிகளும் என்னிடம் வந்து சேர்ந்தன.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன். கடலுக்குப் போகும் குடும்பம். பிறவியிலேயே பார்வை இல்லை. பத்தாம் வகுப்புவரை சிறப்புப் பள்ளியில் பிரெயிலில் படித்தவள். அவளிடம் டேப்பைக் கொடுத்த சில நாட்களில், நூலகத்தின் ஓரத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். திரை கறுப்பாக இருந்தது. "ஏம்மா, அதுக்குள்ள ரிப்பேரா?" என்று கேட்டேன். "இல்ல சார், படிச்சிக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள். தனக்குத் தேவைப்படாத திரையின் வெளிச்சத்தை அணைத்து வைத்திருந்தாள். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் என்ற மென்பொருளில் அப்படி ஒரு வசதி உண்டு. மின்கலமும் கூடுதல் நேரம் தாங்கும், பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்கவும் முடியாது. ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டியிருந்தாள். பேருந்திலும் அப்படித்தான். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டால் நிறுத்தத்தின் பெயர் கேட்காது. அந்த இயர்போனை வாங்கிக் கேட்டுப் பார்த்தேன். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவ்வளவு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது தமிழ்.

ஆண்ட்ராய்டு கருவிகளில் டாக்பேக் 2009-இல் வந்தது. அடுத்த ஆண்டு ஐபேட் வெளியானபோதே, அதே வேலையைச் செய்யும் வாய்ஸ்ஓவர் அதனுள் இருந்தது. அதற்கு முன், திரையை வாசிக்கும் மென்பொருள் என்றால் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கணினிக்காகத் தனியே வாங்க வேண்டிய பொருள் என்பதே பொது நிலை. 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. போன்ற இலவச மென்பொருளும் வந்த பிறகு, மென்பொருளின் விலை என்ற தடை பெருமளவு விலகிவிட்டது. ஆகவே இன்று ஒரு சாதாரண டேப்பை வாங்கி, அமைப்புகளுக்குள் போய் ஒரு பொத்தானை மாற்றினால் போதும், அது பேசத் தொடங்கிவிடும். எதைப் பேசும் என்பது வேறு விஷயம்.

ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

எங்கள் துறையில் பாடக்குறிப்புகளுக்குக் குறைவில்லை. ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த கோப்புகள் இருக்கின்றன. அவற்றை எல்லாம் ஒரே மாலையில் அவளுடைய டேப்பில் ஏற்றிக் கொடுத்தோம். மறுநாள் வந்து, "சார், எல்லாம் ஏதோ இங்கிலீஷ் மாதிரி உளறுது" என்றாள். அந்தக் கோப்புகளில் பெரும்பாலானவை ஊரில் உள்ள டி.டி.பி. கடைகளில் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் நம் கண்ணுக்குத் "தமிழ்" என்று தெரியும் இடத்தில், கோப்புக்குள் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு என்ற சட்டையைப் போட்டுவிட்டதால் நாம் தமிழாகப் பார்க்கிறோம். சட்டையைப் பார்க்க முடியாத கருவி, உள்ளே இருப்பதை இருக்கிறபடி வாசிக்கிறது. 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியை, அதாவது தமிழ் எழுத்தைக் கோப்புக்குள்ளும் தமிழ் எழுத்தாகவே பதியும் யூனிகோடு முறையை, தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது. அந்த ஆணை எங்கள் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடைகளுக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. கடைக்காரரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவருடைய விரல்கள் பாமினியில் பழகியவை, நாம் கேட்பதும் அச்சடித்த தாளைத்தான்.

என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. கோப்பைப் போட்டால் ஒருங்குறியாக வந்துவிடும் என்றுதான் நானும் நம்பினேன். முக்கால்வாசி வரவும் செய்தது. ஆனால் குறிப்புகளுக்கு நடுவே வரும் ஆங்கிலப் பெயர்களையும் கலைச்சொற்களையும் அந்த மாற்றி பாமினி என்றே எடுத்துக்கொண்டு, உச்சரிக்க முடியாத தமிழாக்கிக் கொட்டியது. ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கோப்புகளோ இன்னும் மோசம். அவை வெறும் புகைப்படங்கள். கருவி அவற்றின் முன் மௌனமாகிவிடும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி தமிழுக்கு இப்போது நன்றாகவே வந்துவிட்டது என்றாலும், மங்கிய நகலும் சாய்ந்த பக்கமும் அதற்கு ஆகாது. இதற்கிடையில், "புத்தகத்தை ஸ்கேன் செய்து கொடுத்தால் பதிப்புரிமை வழக்கு வந்துவிடாதா?" என்று ஒரு சக ஆசிரியர் பயந்தார். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதே, மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக நூலை வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று சேர்த்துவிட்டார்கள். அதற்கான உலக ஒப்பந்தமான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதன்முதலில் உறுதி செய்த நாடும் இந்தியாதான். இதைச் சொன்ன பிறகு அவர் பயம் தெளிந்தார். பக்கம் பார்க்கும் வேலைக்குத்தான் வரவில்லை.

வந்தவர்கள் இரண்டாமாண்டு மாணவர்கள். அவர்கள் மூலமாகத்தான் படங்களைப் பற்றியும் யோசிக்க நேர்ந்தது. வைகை முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளம் அகழாய்வைப் பற்றிய பாடத்தில், கப்பல் உருவம் கீறிய பானையோட்டின் படம் ஒன்று உண்டு. கருவி அந்த இடத்தில் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அதற்கு ஒரு விவரிப்பு எழுதிச் சேர்க்கலாம் என்று நானே உட்கார்ந்து "கப்பல் உருவம் பொறித்த பானையோடு" என்று எழுதினேன். மறுநாள் அவள் கேட்டாள்: "எத்தனை பாய்மரம் சார்? அணியம் எந்தப் பக்கம் பாத்திருக்கு? எங்க வாப்பாகிட்ட சொன்னா மொதல்ல அதைத்தான் கேப்பாங்க." அணியம் என்றால் கப்பலின் முன்முனை. வருடக்கணக்காக அந்தப் படத்தைக் காட்டிப் பாடம் நடத்தியவன் நான். பார்வையுள்ள மாணவர் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. மறுபடி படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பாய்மரத்தையும் அணியத்தையும் பார்த்து, விவரிப்பைத் திரும்ப எழுதினேன். இப்போது எல்லா மாணவர்களுக்கும் அந்த விவரிப்பையே வாசித்துக் காட்டுகிறேன்.

மற்றவர்களைப் பற்றியும் ஓரிரு வரி சொல்ல வேண்டும். செவித்திறன் குறைந்த மாணவன் ஒருவனுக்கு, பேச்சை எழுத்தாக்கும் செயலி ஓரளவு உதவியது. நாங்கள் வகுப்பில் பேசும், பாதி ஏட்டுத் தமிழும் பாதி ஊர்த் தமிழும் இடையிடையே ஆங்கிலமும் கலந்த மொழிதான் அதற்குச் சிக்கல். ஆசிரியர் கரும்பலகையின் பக்கம் திரும்பிப் பேசினால் அதுவும் போச்சு. கை நடுக்கம் உள்ள இன்னொருவனுக்கு டேப்பைவிட, அதைச் சாய்த்து நிறுத்தும் தாங்கிதான் பெரிய விஷயமாக இருந்தது. உப்புக்காற்றைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். வெளியூர்க்காரர்கள் பரிந்துரைக்கும் எந்தக் கருவிக்கும் எங்கள் கரையில் முதலில் கெடுவது சார்ஜ் போடும் துளைதான்.

எழுதுகிறவர் யார்?

இவ்வளவும் செய்த பிறகு ஐந்து பருவங்கள் அவள் டேப்பிலேயே படித்தாள். பிறகு ஒவ்வொரு பருவத் தேர்வின்போதும் டேப்பை வெளியே வைத்துவிட்டு, சொல்வதை எழுதுபவர் ஒருவருடன் உள்ளே போனாள். எல்லோரும் ஸ்கிரைப் என்றே சொல்கிறோம். மாணவர் தாமே அழைத்துவரும் ஸ்கிரைப் என்றால், அவருடைய படிப்பு தேர்வு எழுதுபவரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல். அதன் காரணம் புரிகிறது, விடையை எழுதுபவரே சொல்லிவிடக்கூடாது. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் வருவாள். அவள் கொற்கையைக் 'கொர்க்கை' என்று எழுதுவாள். விடைத்தாளைத் திருத்துபவருக்கு அந்தப் பிழை யாருடையது என்று எப்படித் தெரியும்?

எழுத்துப்பிழையில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. கேட்டே படிப்பவர்களுக்குச் சொல்லின் ஒலி மட்டும்தான் வந்து சேர்கிறது. வேகமாக ஓடும் குரலில் றகரமா ரகரமா என்பது தெரிவதில்லை. பிரெயிலில் விரல் ஒவ்வோர் எழுத்தையும் தொட்டுப் போகும், ஆகவே பிரெயிலில் படித்த பிள்ளைகளுக்கு எழுத்தின் மேல் ஒரு பிடி இருக்கும். கல்லூரிக்கு வந்து முழுக்க ஒலிக்கு மாறியவர்களுக்கு, புதிதாகக் கற்கும் பெயர்களில் அந்தப் பிடி நழுவிவிடுகிறது. டேப்பில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. எழுத்தெழுத்தாக வாசி என்று மாற்றிவிட்டு விரலை நகர்த்தினால் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லும். ஆனால் தானே தட்டச்சு செய்யும்போதுதான் அது மனத்தில் பதிகிறது. அதற்காகவே அவளைத் தமிழ்99 முறையில் தட்டச்சுப் பழகச் சொன்னேன். உயிர் எழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் அமைந்த முறை என்பதால், பார்க்காமல் பழகுவோருக்கு அதைவிட வசதியானது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விசைகளைப் பார்த்துப் பார்த்து அடிக்கும் என்னை அவள் விரைவிலேயே முந்திவிட்டாள்.

அப்படியானால் தேர்வையும் அவளே தட்டச்சு செய்தால் என்ன? 2013-இலிருந்தே வழிகாட்டுதல் இதற்கு இடம் தருகிறது. பிரெயில், கணினி, பெரிய எழுத்து, ஒலிப்பதிவு என எந்த முறையில் தேர்வு எழுதுவது என்பதைத் தேர்வரே தெரிவு செய்துகொள்ளலாம் என்கிறது. பல்கலைக்கழகத் தேர்வுக்கு நாங்கள் எதுவும் முடிவு செய்ய முடியாது. கல்லூரியின் அகமதிப்பீட்டுத் தேர்வு எங்கள் கையில் இருந்தது. அதில் முயன்று பார்க்கலாம் என்று துறைக் கூட்டத்தில் வைத்தேன்.

கூட்டம் எதிர்பார்த்ததைவிட நீண்டது. "நெட்டில் பார்த்து எழுதிவிட்டால்?" என்பது முதல் கேள்வி. அவளுடைய டேப் வேண்டாம், துறையில் உள்ள இன்னொரு டேப்பில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சிம்மை எடுத்துவிட்டு, விமானப் பயன்முறையில் போட்டுக் கொடுக்கலாம் என்றேன். அப்படிப் போட்டால் புளூடூத் அணைந்துவிடும், அதன் வழியே இணையும் விசைப்பலகை வேலை செய்யாது. புளூடூத்தை மட்டும் மறுபடி இயக்கலாம் என்றால், "அப்போ அது வழியா யாராவது அனுப்பிட்டா?" என்று கேட்டார்கள். கடைசியில், சார்ஜ் போடும் துளையில் வேறு கருவிகளைச் செருக உதவும் ஓ.டி.ஜி. கேபிள் போட்டுக் கம்பியுள்ள சாதாரண விசைப்பலகையை இணைத்தோம். கேபிள் செருகியிருக்கும்போது சார்ஜ் போட முடியாது என்பதால், முதல் நாளே முழுதாக ஏற்றி வைத்தோம். அடுத்த சொல்லைத் தானே எடுத்துக் கொடுக்கும் வசதியை அணைத்தோம். எழுதும் செயலியை விட்டு வெளியேற முடியாதபடி பூட்டினோம். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்பது ஸ்கிரைப் இல்லாமல் எழுதினாலும் உண்டா என்று ஒருவர் கேட்டார். உண்டு. இதே அளவு அக்கறையோடு மற்ற மாணவர்களின் சட்டைப்பைகளையும் சோதித்திருந்தால் எங்கள் கல்லூரியின் பெயர் எங்கோ போயிருக்கும்.

தனி அறை. நான்தான் கண்காணிப்பாளர். அன்றைக்குத் திரையைக் கறுப்பாக வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தோம், ஆகவே வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது, அது எனக்காக. 1914-க்குப் பிறகு ராமேசுவரம் தீவின் வாழ்வு எவ்வாறு மாறியது என்பது ஒரு கேள்வி. பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்ட ஆண்டு அது. அவள் யாத்திரிகர்களைப் பற்றித் தொடங்கி, கோயில், சத்திரம், கடைத்தெரு என்று சரளமாக ஒரு பக்கத்துக்கு மேல் அடித்துவிட்டாள். பிறகு நிறுத்தினாள். அம்புக்குறி விசையால் மேலே ஏறி, எழுதியதை வரிவரியாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நின்றாள். பேக்ஸ்பேஸை அழுத்திப் பிடித்தாள். என் கண்ணெதிரே ஒரு முழுப் பத்தி வலமிருந்து இடமாகக் கரைந்துகொண்டே போனது. நல்ல பத்திதான், மதிப்பெண் கிடைக்கக்கூடியதுதான். என் கை என்னையறியாமல் எழுந்தது, கண்காணிப்பாளர் என்பது நினைவுக்கு வந்து கீழே இறங்கியது. அந்த இடத்தில் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பலையும், சென்னையில் ஏறினால் கொழும்புவரை ஒரே சீட்டில் போகலாம் என்றிருந்த நிலையையும் எழுதி, தீவு அதுவரை ஊரின் முடிவாக இருந்ததாகவும் பாலத்துக்குப் பிறகு வழியின் நடுவே வந்ததாகவும் சொல்லி, 1964 புயலுக்குப் பிறகு மறுபடி முடிவாகிவிட்டதையும் சேர்த்தாள். அழித்த பத்தியிலிருந்த சத்திரம் மட்டும் கடைசியில் ஒரு வரியாகத் திரும்பி வந்தது.

அவள் அதுவரை எழுதிய தேர்வுகளில் இப்படி ஓரிடம்கூட வந்ததில்லை. தேர்வு முடிந்த பிறகு அதைப் பற்றிக் கேட்டேன். ஸ்கிரைப்பிடம் "ஒரு பக்கத்தையும் அடிச்சிடுங்க அக்கா" என்று சொல்ல முடியுமா என்று திருப்பிக் கேட்டாள். அந்தப் பெண் கை வலிக்க எழுதியது. பக்கத்தை வாசித்துக் காட்டச் சொன்னாலே முகம் எப்படி இருக்கும் என்று தெரியாது, குரல் மாறுவது தெரியும். ஆகவே மனத்தில் முதலில் என்ன வருகிறதோ அதைச் சொல்லிவிட்டு, சரியாக இல்லை என்று தெரிந்தாலும் அடுத்ததற்குப் போய்விடுவாளாம். "இதுல தப்பு வந்தாலும் என் தப்புதானே சார்" என்றாள்.

எனக்குப் பிசகு தென்பட்டது அங்கேதான். கருவி வாசித்துக் காட்டுகிறது என்பதையே அதன் பெரிய உதவியாக நாங்கள் நினைத்திருந்தோம். வாசித்துக் காட்டத் தோழிகள் இருந்தார்கள், தங்கை இருந்தாள், அவர்கள் இந்தக் குரலைவிட அழகாகவும் வாசித்தார்கள். ஒரு வரியை ஏழாவது தடவை வாசிக்கச் சொல்லித் தோழியிடம் கேட்க முடியாது, கருவியிடம் கேட்கலாம். எழுதியதை அழிக்கச் சொல்லி ஸ்கிரைப்பிடம் கேட்க முடியாது, கருவியில் அழிக்கலாம். மற்ற மாணவர்கள் எல்லோரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்வது இதைத்தான்: திரும்பிப் பார்ப்பது, மனம் மாறுவது, அடித்து எழுதுவது. கருவியைக் கொடுத்துவிட்டு அதனுள் பாமினிக் கோப்பை வைத்தபோது திரும்பிப் பார்ப்பதை அடைத்தோம். தேர்வு அறையின் வாசலில் அதை வாங்கி வைத்தபோது அடித்து எழுதுவதை அடைத்தோம். இதற்குப் பிறகும் "டேப் கொடுத்தாயிற்றே" என்றால், அதைக் கையில் கொடுத்ததை மட்டுமே எண்ணுகிறோம் என்று பொருள்.

ஸ்கிரைப் முறையே வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டச்சு முடியாதவர்கள் இருக்கிறார்கள், நடுவில் பார்வை இழந்து புதிதாகப் பழகுபவர்கள் இருக்கிறார்கள், பேசியே தெளிவாகச் சிந்திப்பவர்களும் உண்டு. எழுதுவதில் சிரமம் உள்ள ஒருவருக்கு, அவருடைய குறைபாடு 40 விழுக்காட்டை எட்டாவிட்டாலும் ஸ்கிரைப் மறுக்கக்கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் சொன்னது பெரிய ஆறுதல். தெரிவு அவர்களுடையதாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம். இன்றைய நிலையில் ஸ்கிரைப் கேட்டால் ஒரு படிவம் போதும். தானே தட்டச்சு செய்கிறேன் என்றால் ஒரு போராட்டம்.

பல்கலைக்கழகத் தேர்வுக்கும் இதே அனுமதி கேட்டு, வழிகாட்டுதலின் நகலை இணைத்து விண்ணப்பம் அனுப்பியிருக்கிறோம். மறுக்கவில்லை. விடைத்தாளின் முகப்பில் இருக்கும் பட்டைக்குறியீட்டை அச்சிட்ட தாள்களோடு எப்படிச் சேர்ப்பது, தாளைத் திருத்துபவருக்கு இன்னார் எழுதியது என்று தெரிந்துவிடாதா என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அச்சிட்ட தாள்களை முகப்புத்தாளோடு தைத்து, தேர்வுக் கண்காணிப்பாளர் முத்திரை வைத்து அனுப்பலாம் என்று பதில் எழுதினோம். அதற்குள் தேர்வு வந்துவிடும் போலிருப்பதால், இந்தப் பருவமும் ஸ்கிரைப்தான். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே ஸ்கிரைப்பைச் சந்திக்க விதியில் இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி அந்தப் பெண்ணை வரச் சொல்லியிருக்கிறாள், ஊர்ப் பெயர்களும் மன்னர் பெயர்களுமாக ஒரு நீண்ட பட்டியலையும் தட்டச்சு செய்து முன்கூட்டியே அனுப்பிவிட்டாள். உங்களில் யாருடைய கல்லூரியிலாவது தட்டச்சு செய்த விடைத்தாளைப் பல்கலைக்கழகம் ஏற்றிருந்தால், முகப்புத்தாளை எப்படி இணைத்தார்கள், யார் கையெழுத்திட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள். எங்களுக்கு இப்போது தேவைப்படுவது அந்த விவரம்தான்.